கியோட்டோவில் நான் தொடாத கிண்ணம்

கண்ணா,

பொங்கலன்று உன் போன் வரும் என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் பார்த்தேன். அங்கே ஜப்பானில் ஒன்றரை ஆகியிருக்கும், தூங்கியிருப்பான் என்று அப்பாவிடம் நானே சமாதானம் சொன்னேன். அதற்கப்புறமும் இத்தனை நாள் ஆகிவிட்டது.

வீட்டில் மோச்சி, அந்த ஒட்டரிசியை இடித்துச் செய்கிற உருண்டை, மிச்சம் இருந்தால் சின்னச் சின்னதாக வெட்டிச் சாப்பிடு. அது தொண்டையில் அடைத்து வருஷா வருஷம் ஆட்கள் போகிறார்கள் என்று நீதானே சொன்னாய். வயசானவர்கள்தான் என்பாய். உனக்கும் மெல்லாமல் விழுங்குகிற பழக்கம் உண்டு.

புத்தாண்டுக்கு உன்னிடம் வந்திருந்தபோது முந்தின ராத்திரி பார்த்த சியோன்-இன் கோயில் மணியைப் பற்றித்தான் அப்பா தெரு முழுக்கப் பேசுகிறார். 70 டன் மணி, 17 பிட்சுக்கள் சேர்ந்து கயிறு இழுத்து அடித்தது, எல்லாம். 108 தடவை என்றதும் எனக்கு அது வேற்று ஊராகவே படவில்லை. அந்தக் கூட்டத்தில் நீ அவர்கள் பாஷையில் பேசி எங்களைக் கூட்டிப்போனது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்த வாய்க்கு அம்மாவோடு பேசத்தான் நேரமில்லை.

அன்றைக்கு ராத்திரியே யசாகா கோயிலில் கயிற்று நுனியில் நெருப்பு வாங்கி, அணையாமல் இருக்கச் சுழற்றிக்கொண்டே அந்தப் பெண் உன் வீடு வரைக்கும் நடந்து வந்தாள். குளிரில் விரலெல்லாம் சிவந்திருந்தது. அந்த நெருப்பில் சமைத்துச் சாப்பிட்டால் வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாதாமே.

உன் அலமாரியில் பெரிசும் சிறிசுமாக ஒரே பூப்போட்ட இரண்டு சோற்றுக் கிண்ணங்கள் இருந்தன. நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

காலையில் அந்த ஓஸோனி, உங்கள் ஊர்ப் புத்தாண்டு சூப், வந்தது. வெள்ளை மிசோ என்கிற சோயா விழுது, வட்ட மோச்சி, முள்ளங்கி, சேப்பங்கிழங்கு. மேலே தூவுகிற மீன் சீவல், அந்த மாசிக் கருவாடு மாதிரி இருக்குமே, அது எனக்கு மட்டும் போடவில்லை. கொம்பு என்கிற கடல்பாசியை முந்தின நாளே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் செய்தது என்றாய். நான் பசிக்கவில்லை என்றேன்.

பொய். பசியில் வயிறு எரிந்தது. மீன் வாடை அடித்தது என்று அப்புறம் சொன்னேனே, அதுவும் பொய். ஒரு வாய் சாப்பிட்டால் எதற்கோ தலையாட்டின மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துப்போய் மூடி வைத்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் ரசத்தைப் பாட்டி என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். அதையேதான் நானும் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு முனையும் மெலிந்த அந்தப் புத்தாண்டுச் சாப்பாட்டுக் குச்சி, ஒரு முனை நமக்கு, மறுமுனை சாமிக்கு என்றாயே, அதன் காகித உறையில் ‘அம்மா’ என்று தமிழில் எழுதியிருந்தது. ‘ம்’ மேல் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. உன் கையெழுத்து இல்லை அது. பிரிக்காமலே கொண்டுவந்துவிட்டேன். பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. தினம் எடுத்துப் பார்க்கிறேன்.

இங்கே சந்தையில் சேப்பங்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. கொம்பு ஒரு துண்டும் அந்த வெள்ளை மிசோவும் அனுப்பு. எவ்வளவு நேரம் ஊற வேண்டும், மிசோவை எப்போது கரைக்க வேண்டும் என்று அவளையே கேட்டு எழுது. போனிலேயே சொன்னாலும் சரி, பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு.

மோச்சி அனுப்ப வேண்டாம். நீயும் வெட்டிச் சாப்பிடு.

அம்மா