அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டுப் போன உங்கள் சாதனை மலரைப் படித்தேன். 14-ஆம் பக்கத்தில், வலது மூலையில் ஒரு படம். "தற்காலிகச் சந்தையில் பெண்களுக்கான நவீனக் கழிப்பறை வளாகம்" என்று கீழே போட்டிருக்கிறது. படத்தின் ஓரத்தில் அரைக்கூடை தண்டுக்கீரை தெரிகிறது. அது என் அம்மாவுடையது. படம் எடுக்க வந்தவர் "ஆயா, கூடையைக் கொஞ்சம் தள்ளி வை" என்றாராம். அம்மா தள்ளி வைத்தும் பாதிக்கூடை உள்ளே வந்துவிட்டது. கதவில் தொங்குகிற பூட்டு மட்டும் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பூட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஆட்சியர் அலுவலக வாசலில் மனு அடித்துக் கொடுக்கிறவள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நிமிர நேரம் இருக்காது. பொருள், பார்வை போட்டு, "கனிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிப்பது கைக்குப் பழகிய வேலை. அம்மா பெயரில் ஏற்கெனவே மூன்று மனு அடித்தாயிற்று. மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பதில்: "நடவடிக்கையில் உள்ளது." நாலாவதை ஊரறிய எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய காய்கறிச் சந்தையை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டித் தருகிறோம், பதினெட்டே மாதம் என்றீர்கள். இது மூன்றாவது ஆடி. தரைக்கடைக்காரர்கள் எல்லோரும் இன்னும் அந்தத் தகரக் கொட்டகையில்தான். அங்கே கழிப்பறை கட்டினீர்கள், மறுக்கவில்லை. ரிப்பன் வெட்டிய அன்று திறந்திருந்தது. உள்ளே போய்விட்டு வந்த பூக்கார அக்கா, "டைல்ஸு வழுக்குதுடி, பாத்துப் போ" என்று எல்லோரிடமும் சொன்னது. மற்றவர்கள் பார்த்துப் போவதற்குள் சாயங்காலமே பூட்டிவிட்டார்கள். இப்போது பூட்டே துருப்பிடித்துவிட்டது.

அம்மா இரண்டரைக்கு எழுந்திருப்பாள். மூன்று மணிக்குக் கீரை வண்டி வரும். மண்ணோடு வருகிற கட்டுகளை உதறி, பிரித்து, சின்னக் கட்டாகக் கட்டி, ஈரச்சாக்கு விரித்து அடுக்கி முடிக்கும்போது விடிந்துவிடும். முந்தின ராத்திரி எட்டு மணிக்குக் குடித்த தண்ணீர்தான் கடைசி. பிறகு மறுநாள் பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்துதான் செம்பைத் தொடுவாள். அதுவரைக்கும் கீரை வாடாமல் இருக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். கையெல்லாம் தண்ணீர். வாயில் மட்டும் ஒரு சொட்டு ஊற்ற மாட்டாள். ஊற்றினால் எங்கே போவது?

இந்த வருடத்தில் இரண்டு தரம் நீர்க்கடுப்பு வந்து துடித்துவிட்டாள். டாக்டர், "தண்ணி நெறையக் குடிங்கம்மா" என்றார். "குடிச்சா எங்க சாமி போறது?" என்று அம்மா கேட்டாள். அவர் மாத்திரை எழுதத் தலையைக் குனிந்துகொண்டார்.

பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. போகவர இருபது நிமிடம், பத்து ரூபாய். ஒரு கட்டுக் கீரையில் நிற்பது இரண்டு மூன்று ரூபாய். ஒரு தடவை போய்வர நாலு கட்டின் லாபம் போய்விடும். அதற்குள் வந்த வாடிக்கை அடுத்த கடைக்குப் போயிருக்கும்.

இதற்கு நடுவே சுங்கம் வசூலிக்கிற குத்தகைதாரரின் ஆள் ஐந்து மணிக்கு டாணென்று வந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். மழையோ புயலோ, ஒருநாள் தவறியதில்லை. சந்தையில் ஒழுங்காக நடக்கிற சேவை அது ஒன்றுதான்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டதற்கு முதலில் மின் இணைப்பு என்றார்கள். கம்பத்திலிருந்து கம்பி இழுத்து மாதக்கணக்காகிறது. அப்புறம், "அது ஸ்மார்ட் சிட்டி கம்பெனி கட்டியதும்மா, மாநகராட்சிக்கு இன்னும் ஒப்படைக்கவில்லை" என்றார்கள். அந்தக் கம்பெனிக்கு நிர்வாக இயக்குநர் யாரென்று விசாரித்தால் ஆணையர் அவர்கள்தானாம். வலது கையில் இருக்கிற சாவியை இடது கைக்கு மாற்ற இத்தனை மாதமா ஐயா?

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015-இல் 100 நகரங்களுக்கென்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 11 ஊர்களுக்குக் கிடைத்தது. ஊருக்கு 500 கோடி மத்திய அரசின் பங்கு, அதே அளவு மாநிலத்தின் பங்கு என்றார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளி 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு திட்டமே முடிந்துவிட்டது. திட்டம் முடிந்த பிறகும் ஒப்படைப்பு முடியவில்லை. ஆனால் பூங்கா முன்னால் ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் வைத்து, பக்கத்தில் சிவப்பு இதயம் வைத்து விளக்குப் போட்டிருக்கிறீர்களே, அதற்கு ராத்திரிக் காவலாளி உண்டு. பல்பு போனால் மறுநாள் மாற்றிவிடுகிறார்கள். இதயத்தைக் காக்க ஆள் போட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நினைவுக்கு வராமல் போனது எங்கள் தலைவிதி.

மன்னிக்க வேண்டும், மனு தடம் மாறுகிறது. "கோபத்தை எழுதாதீங்க, கோரிக்கையை மட்டும் சொல்லுங்க" என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நானே சொல்வேன்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் விளக்கு எரிகிறது. குடிதண்ணீர் முன்னைவிட ஒழுங்காக வருகிறது. (அதை அம்மா குடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.) சந்தைக் கட்டடமும் படத்தில் அழகாகவே இருக்கிறது. நாங்கள் அதற்கு எதிரியில்லை. இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னால் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். எங்களுக்கு ஆட்டோவில் மைக் கட்டி மூன்று நாள் கொடுத்தீர்கள், அதற்கும் எழுந்து போனோம். அதே சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு ஒருதரம் கூடியிருந்தால், பூட்டு துருப்பிடிக்கும்வரை பேச்சு வராமல் இருந்திருக்குமா?

பெண் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரித் தேர்தலில் மாமன்ற இடங்களில் சரிபாதி பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். வாக்குக் கேட்டு வந்தபோது அம்மா கையால் தண்டுக்கீரை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, பதினொரு மணிவரை அம்மா பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து பாருங்கள். தீர்மானம் தானாக நிறைவேறும்.

கேட்பது புதுக் கட்டடமில்லை, புது நிதியில்லை. கட்டிய கழிப்பறையின் பூட்டைத் திறங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஒரு ஆள், கழுவ ஒரு ஆள், விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்திருக்க ஓர் உத்தரவு. சுங்கம் வாங்குகிற நேரத்தில் கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்படைப்புக் கோப்பு அது பாட்டுக்கு நகரட்டும்.

அதுவும் தாமதமாகும் என்றால், சாவி எந்த அலுவலகத்தில், எந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று மட்டும் தெரிவிக்குமாறு கனிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்கொள்கிறேன். திறப்பதற்கு ஆள் தேட வேண்டாம். அம்மா எப்படியும் இரண்டரைக்கு எழுந்துவிடுவாள்.

இப்படிக்கு,
கீரைக்காரம்மாவின் மகள்