கவுண்டி அனுப்பும் பில், நகரத்தின் மீது கோபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "இத்தனை ஆயிரம் சொத்து வரி கட்டியும் ரோடு இப்படியா?" என்று கூப்பர்டினோ நகரசபையைச் சாடிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோபம் நியாயம்தான், விலாசம்தான் தப்பு.

கலிபோர்னியாவில் சொத்து வரி பில்லை அனுப்புவதும் பணத்தை வாங்குவதும் கவுண்டி, அதாவது பல ஊர்களை உள்ளடக்கிய, நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகம். இங்கே அது சாண்டா கிளாரா கவுண்டி. 15 லட்சம் டாலர் மதிப்பிட்ட வீட்டுக்கு 1 சதவீத அடிப்படை வரி 15,000 டாலர். அதில் கூப்பர்டினோ நகரத்துக்குப் போவது டாலருக்கு ஐந்தாறு சென்ட்தான். அதாவது ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கும் கீழே. பெரும் பங்கு பள்ளி மாவட்டங்களுக்குப் போகிறது (இங்கே "மாவட்டம்" என்பது ஒரே வேலைக்கென அமைந்த தனி அமைப்பு). தீயணைப்பு மாவட்டமே நகரத்தைவிட அதிகம் வாங்குகிறது.

இந்தப் பங்கீட்டை இன்றைய நகரசபை தீர்மானிக்கவில்லை. 1978 ஜூனில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு, அடிப்படை வரியை 1 சதவீதத்தில் கட்டிப் போட்டது. அந்த ஒரு சதவீதத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க 1979-ல் மாநிலம் சட்டம் போட்டது. முன்பு அதிகம் வாங்கியவருக்கு அதிகம், குறைவாக வாங்கியவருக்குக் குறைவு என்பதே அதன் அடிப்படை. அந்தக் காலத்தில் சிக்கனமாகக் குறைந்த வரி வைத்திருந்த கூப்பர்டினோ போன்ற ஊர்கள் அதற்கான தண்டனையை இன்னும் அனுபவிக்கின்றன. பின்னால் வந்த சட்டங்கள் கொஞ்சம் கை கொடுத்தன, அவ்வளவே.

பணம் குறைவாக வருவதால் நகரம் செய்யும் வேலையும் குறைவு. இங்கே போலீஸ் வேலை பார்ப்பது, நகரம் கட்டணம் கொடுத்து அமர்த்திய கவுண்டி ஷெரிஃப். தீயணைப்பு, நூலகம், சாக்கடை மூன்றும் தனித்தனி மாவட்டங்கள். பள்ளிகள் நகரசபைக்குக் கட்டுப்பட்டவையே அல்ல. ரோட்டிலும் இதே கதைதான்: ஸ்டீவன்ஸ் கிரீக் புலவார்டில் பள்ளம் என்றால் நகரத்தின் பொதுப்பணித் துறை, ஃபுட்ஹில் அல்லது லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் என்றால் கவுண்டி, 85, 280 நெடுஞ்சாலைகளில் என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ். புகார் போட்டும் பதில் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அது தவறான மேசைக்குப் போவதே.

மேயரிடம் மனு கொடுக்கும் நம் ஊர் வழக்கமும் இங்கே பலிக்காது. கூப்பர்டினோவில் ஐந்து பேர் கொண்ட நகரசபை தன்னில் ஒருவரை ஆண்டுதோறும் மேயராக்குகிறது. கூட்டத்தை நடத்துவதைத் தவிர அவருக்குத் தனி அதிகாரம் பெரிதாக இல்லை. அன்றாட நிர்வாகம் நகரசபை நியமிக்கும் சிட்டி மேனேஜர் கையில். கவுண்டியில் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட சபை, அவர்கள் நியமிக்கும் நிர்வாகி. ஆனால் ஷெரிஃப், மாவட்ட வழக்கறிஞர், சொத்துகளை மதிப்பிடும் அசெஸர் மூவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். வீட்டு மதிப்பைக் குறைக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் போனால் அவரால் ஒன்றும் ஆகாது. அது அசெஸர் வேலை.

நகரம் எதை நம்பிப் பிழைத்து வந்தது? பெருமளவு விற்பனை வரியை. மாநிலம் முழுதும் உள்ள அடிப்படை விகிதமான 7.25 சதவீதத்தில் 1 சதவீதம், விற்பனை நடந்ததாகக் கணக்கிடப்படும் ஊருக்குப் போகிறது. நகரங்கள் வீடுகளைவிட கார் ஷோரூமையும் பெரிய கடைகளையும் விரும்பி அழைப்பதன் சூட்சுமம் இதுதான். வீடு வந்தால் செலவு, கடை வந்தால் வரவு. ஆனால் "எந்த ஊர் விற்பனை" என்ற கணக்கு மாறினால் ஆட்டம் கண்டுவிடும். ஒரு பெரிய நிறுவனத்தின் இணைய விற்பனை எந்த ஊர்க் கணக்கில் சேர வேண்டும் என்று மாநில வரித்துறை தணிக்கையில் கேள்வி எழுப்பியதும், கூப்பர்டினோ 2023-ல் பட்ஜெட்டில் கத்தரி போட்டது நினைவிருக்கலாம்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, புதிதாக வீடு வாங்கும் நம்மவர்களை அதிகம் அடிப்பது: வீடு கைமாறியதும் மதிப்பு ஏறிய வித்தியாசத்துக்குத் தனியாக வரும் சப்ளிமென்டல் பில். வீடு கைமாறினால் மதிப்பு அன்றைய சந்தை விலைக்கு ஏறுகிறது. பிறகு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முந்தைய உரிமையாளரின் மதிப்பு 4 லட்சம், நீங்கள் மார்ச்சில் வாங்கியது 16 லட்சம் என்று வையுங்கள். வித்தியாசம் 12 லட்சம், அதற்கு ஆண்டு வரி 12,000. கணக்கு அடுத்த மாதம் முதல் தேதியில் தொடங்கும். எனவே ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்துக்கு 3,000 டாலரில் ஒரு பில். ஜூலையில் தொடங்கும் நிதியாண்டின் மதிப்பு ஜனவரி 1 அன்றே பழைய விலையில் பதிவாகிவிட்டதால், அந்த ஆண்டு முழுவதற்கும் 12,000 டாலரில் இரண்டாவது பில். இவை இரண்டும் வழக்கமான ஆண்டு பில்லுக்கு மேலே. பாண்டு வரிகளை (பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கு வாங்கிய கடனை அடைக்கும் வரி) சேர்த்தால் இன்னும் கூடும். ஜூன் முதல் டிசம்பருக்குள் வாங்கினால் சப்ளிமென்டல் பில் ஒன்றுதான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், எஸ்க்ரோ கணக்கு (மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கி வைத்துக் கட்டும் கணக்கு) வைத்திருக்கும் கடன் நிறுவனங்கள் பொதுவாக இதைக் கட்டுவதில்லை. "பேங்க் பார்த்துக்கொள்ளும்" என்று உறையை ஓரமாக வைத்தவருக்கு 10 சதவீத அபராதம்.

வழக்கமான பில்லுக்கும் அதே அபராதம்தான். முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10 கடைசி. குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு. மிச்சம் சுமார் 70 டாலர்தான் என்றாலும், ஒருமுறை பிப்ரவரி 15-க்குள் விண்ணப்பித்தால் அங்கே குடியிருக்கும்வரை தொடரும்.

பில்லின் கீழ்ப்பகுதியைப் பலர் பார்ப்பதே இல்லை. 1 சதவீதத்துக்கு அடியில் மக்கள் வாக்களித்த பாண்டுகள் இருக்கும். அதற்கும் அடியில் வீட்டு மதிப்பைப் பாராமல் போடப்படும் தனி வரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அந்த அமைப்பின் தொலைபேசி எண். இந்த வகையைச் சேர்ந்த, பள்ளி மாவட்டங்களின் பார்சல் வரி பலவற்றில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதைக் கவுண்டியிடம் கேட்டுப் பயனில்லை, பள்ளி மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா அம்மா பெயரில் வீடு இருந்தால் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

வரி ஏற்ற யார் சம்மதம் வேண்டும் என்பதையும் கட்டுரை குழப்பியிருந்தது. பொது நிதிக்கான வரியென்றால் வாக்காளர்களில் பாதிக்கு மேல் போதும். குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்று அரசு கொண்டுவரும் வரியென்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2025 நவம்பரில் இந்தக் கவுண்டியில் வாக்கெடுப்பில் நிறைவேறிய மெஷர் ஏ என்ற முன்மொழிவு, ஐந்தாண்டுக்கான 0.625 சதவீத விற்பனை வரி, முதல் வகை. மத்திய அரசு மருத்துவ நிதியை வெட்டியதால் கவுண்டி மருத்துவமனைகளைக் காப்பாற்றவே கேட்கப்பட்டது என்றாலும், சட்டப்படி அது பொது நிதி. அதற்காகவே செலவாகிறதா என்று பார்ப்பது வாக்காளர் பொறுப்பு. அதை நகரத்தின் வரி என்று கட்டுரையாளர் சொல்வது தவறு.

நூலகத்துக்குப் பணம் இல்லையென்றால் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து எடுக்கலாமே என்ற யோசனையும் செல்லாது. 1996-ல் நிறைவேறிய 218-ஆம் முன்மொழிவின்படி, அந்தச் சேவைக்கு ஆகும் செலவுக்கு மேல் அந்தக் கட்டணத்தை வசூலிக்கவோ வேறு வேலைக்குத் திருப்பவோ கூடாது. பெட்ரோல் வரியிலிருந்து வரும் பங்கும் ரோட்டுக்கு மட்டுமே.

நகரசபையிடம் பேச விரும்பும் வாசகர்கள் மே மாதமே போக வேண்டும். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது, ஜூன் கூட்டத்துக்குள் எண்கள் கிட்டத்தட்ட முடிவாகிவிடும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது சட்டம். எனவே எந்தத் தலைப்பில் பேசப்போகிறோம் என்று பார்த்துவிட்டே போகலாம். மதிப்பீட்டை எதிர்த்து முறையீடு செய்வதென்றால் காலம் ஜூலை 2 முதல். முடிவுத் தேதி கவுண்டியைப் பொறுத்து செப்டம்பர் 15 அல்லது நவம்பர் 30. சாண்டா கிளாராவில் செப்டம்பர் 15. ஆண்டு பில் அக்டோபரில்தான் கைக்கு வரும் என்பதால், பில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் தேதி போய்விடும்.

இப்படிக்கு,
கூப்பர்டினோ வாசகர் ஒருவர்