பாக்கி கேட்டு எழுதும் கடிதம்

திருப்பூர்
8 நவம்பர் 2025

அன்புள்ள கண்ணு,

சீருடைச் சட்டை தைத்துக் கொடுத்த ஏஜென்சிக்குப் பாக்கி கேட்டு நீ எழுதி, நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பன்னிரண்டு தையல் மெஷினை வைத்துக்கொண்டு சனிக்கிழமை சம்பளத்துக்கு நீ படுகிற பாடு ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. ஆனாலும் அதை அனுப்பாதே, சாமி. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"மனசாட்சி இருக்கிறதா", "எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அது அந்த ஏஜென்சி முதலாளியை நினைத்து எழுதியது. கவரைப் பிரிக்கப்போவது அவர் இல்லை. அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒரு பெண்ணோ பையனோ பிரிப்பார்கள். உன்னை அவர்களுக்குத் தெரியாது. பில் நம்பரைத்தான் முதலில் தேடுவார்கள். உன் கடிதம் முழுக்கத் தேடினேன், பில் நம்பரே இல்லை. தொகையை "இரண்டு லட்சத்துக்கு மேல்" என்று போட்டிருக்கிறாய். ஆகஸ்டில் ஒரு லட்சம் வந்ததைச் சொல்லவில்லை. அவர்கள் லெட்ஜரில் ஒரு தொகை, உன் கடிதத்தில் வேறு தொகை என்றால் 'டேலி ஆகவில்லை' என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்புறம் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.

எக்ஸ்போர்ட் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் டைப் அடித்தவள் நான். சேர்ந்த புதிதில் ஒரு அமெரிக்க பார்ட்டிக்கு சரக்கு அனுப்பும் தேதியை 05/06 என்று அடித்தேன். என் மனசில் ஜூன் 5. அவர்கள் ஊரில் மாசத்தை முன்னால் போடுவார்கள், மே 6 என்று படித்துவிட்டார்கள். கப்பலில் போகவேண்டிய பனியன் விமானத்தில் போனது. அந்தச் செலவைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. மேனேஜர் திட்டவில்லை. "இனிமேல் நம்மைத் தெரியாத ஆள் படிக்கிறான் என்று நினைத்து அடி" என்று மட்டும் சொன்னார். அன்றையிலிருந்து மாசத்தை எழுத்தில்தான் அடிப்பேன். நீயும் அப்படியே எழுது.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா நாலு பவர்டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்தார். ஒரு பார்ட்டியிடம் தையல் கூலி எண்பத்தாறாயிரம் நின்றுவிட்டது. வாராவாரம் போவார். டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த வாரம் பார்க்கலாங்க" என்று அனுப்புவார்கள். "ஒரு லெட்டர் போடலாம், நான் அடித்துத் தருகிறேன்" என்று நான் சொன்னால், "பழகினவங்களுக்கு லெட்டர் போட்டா உறவு முறிஞ்சிடும்" என்பார். நானும் விட்டுவிட்டேன். வக்கீலிடம் போனபோது மூன்று வருஷம் தாண்டிவிட்டது. கடனுக்கு வழக்குப் போட சட்டம் கொடுக்கும் காலமே மூன்று வருஷம்தான். அதற்குள் அவர்கள் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் கிடைத்திருக்கும். வக்கீல் கேட்டது, "அவங்க கைப்பட ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குதாம்மா?" அப்பா பாக்கெட் நோட்டை எடுத்து நீட்டினார். அதில் இருந்ததெல்லாம் அவர் எழுத்து. இரண்டு மெஷினை விற்றோம். அந்த வருஷங்களில் கம்பெனிக்காக நான் பாக்கி கேட்டு அடித்த லெட்டருக்குக் கணக்கே இல்லை. அப்பாவுக்காக ஒன்றுகூட அடிக்கவில்லை.

அதனால் இந்த ஒரு கடிதத்தையாவது நான் எழுதித் தருகிறேன். நீ அனுப்பிய பில்லையும் டெலிவரி சலானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். லெட்டர்ஹெட்டில் தேதி போட்டு, பெறுநர் இடத்தில் "அக்கவுண்ட்ஸ் மேலாளர்" என்று பதவியைப் போட்டுக்கொள். கீழே இது:

"பொருள்: பில் எண் 47 (12 ஜூன் 2025): பாக்கி ரூ.1,18,400 செலுத்துவது தொடர்பாக.

ஐயா,

தங்கள் ஆர்டரின்படி 640 சீருடைச் சட்டைகளை 14 ஜூன் 2025 அன்று ஒப்படைத்தோம். சரக்கைப் பெற்றுக்கொண்டு தங்கள் ஸ்டோர் கையெழுத்திட்ட சலானின் நகலை இணைத்துள்ளோம். ஜி.எஸ்.டி. உட்பட பில் தொகை ரூ.2,18,400. இதில் 20 ஆகஸ்ட் 2025 அன்று ரூ.1,00,000 வரவு வந்தது. மீதி ரூ.1,18,400 நிலுவையில் உள்ளது. ஆர்டரில் ஒப்புக்கொண்ட 30 நாள் தவணை 14 ஜூலை அன்று முடிந்துவிட்டது.

இத்தொகையை 21 நவம்பர் 2025, வெள்ளிக்கிழமைக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். கணக்கில் வேறுபாடு இருந்தால் அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். இணைத்துள்ள பாக்கி உறுதிப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் திருப்பி அனுப்பவும்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. "தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று நீ எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். அது பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது. செய்த வேலைக்குக் கூலி கேட்கிறாய், தாழவேண்டியதில்லை. "ஏமாற்றுகிறீர்கள்" என்பதையும் எடுத்துவிட்டேன். அதைப் படிப்பவர் உன் பணத்தை விட்டுவிட்டு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். "ஏழு நாளுக்குள்" என்றால் எந்த நாளிலிருந்து என்று கேட்பார்கள். அதனால்தான் தேதியும் கிழமையும்.

'இவ்வளவு பாக்கி உண்டு' என்று அவர்கள் கையெழுத்துப் போடும் அந்த உறுதிப் படிவத்தை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிடாதே. அப்பாவிடம் இல்லாத துண்டுச் சீட்டு அதுதான்.

லெட்டர்ஹெட்டில் உன் உத்யம் எண்ணை, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த எண்ணை, சின்னதாகப் போடு. விவரம் தெரிந்தவருக்கு அதுவே போதும். பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாகவேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. ஆனால் முதல் கடிதத்தில் இதையெல்லாம் எழுதாதே. பணம் வந்தபிறகு அவர்களோடு நீ தொழில் செய்யவேண்டியிருக்கலாம். 21-ஆம் தேதி தாண்டினால் இரண்டாவது கடிதத்தில் இதே விவரத்தோடு சட்டத்தின் பேரையும் வட்டிக் கணக்கையும் சேர்ப்போம். அதற்கும் அசையாவிட்டால் சிறு தொழிலுக்கான வசூல் கவுன்சில் இருக்கிறது. அங்கே போனால் அவர்கள் முதலில் கேட்பது இந்தக் கடிதங்களைத்தான்.

திங்கட்கிழமை, 10-ஆம் தேதி போட்டு இரண்டு பிரிண்ட் எடு. இரண்டிலும் கையெழுத்து, கீழே உன் பேர், "உரிமையாளர்" என்று. ஒன்று ஆபீஸ் காப்பி. பதிவுத் தபாலை இந்த வருஷம் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீடு போஸ்ட்டில் டெலிவரிக்கு அத்தாட்சி கேட்டு அனுப்பு. அன்றைக்கே அதை ஸ்கேன் செய்து ஈமெயிலிலும் போடு, சப்ஜெக்ட் இடத்தில் பொருள் வரியை அப்படியே ஒட்டிவிடு. ரசீதை ஆபீஸ் காப்பியின் பின்னால் பின் பண்ணு. வெயிலில் மை மங்கிவிடும், முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள். அனுப்பும் தபாலையெல்லாம் பதிய ஒரு நோட்டு வாங்கி டெஸ்பாட்ச் நோட்டு என்று எழுதி, இதை எண் 1 ஆகப் பதிந்துவிடு.

தபால் போட்டபிறகு அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு ஒரு போன் செய். "ஒரு லெட்டர் அனுப்பியிருக்கேங்க, பில் நம்பர் 47, வந்ததும் சொல்லுங்க" என்று மட்டும் சொல். குரல் ஏறாமல் பேசு, தங்கம். அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்தான்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, "வங்கிக் கணக்கு நம்பரை அவளே ஒருதரம் சரிபார்க்கச் சொல்லு" என்றார். பாஸ்புக்கைப் பார்த்து எழுது, மனப்பாடத்தில் எழுதாதே. ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா