பாக்குமரத்து டிராகன்

சுங்கை சிப்புட்

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டேன். மூட்டு ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்கிறாய் என்றதும் வீட்டுக்காரி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். இனி கிள்ளானிலிருந்து ரயிலேற உனக்குச் சாக்கு இல்லை.

இங்கே புதுச் சேதி ஒன்றுதான். பேத்தி டிராகன் வளர்க்கிறாள்.

சிரிக்காதே. 2024 டிராகன் ஆண்டுச் சீனப் பெருநாளில் ஆட்டம் பார்த்ததிலிருந்து "தாத்தா, சின்னதா ஒண்ணு வாங்கித் தாங்க" என்று ஒரே நச்சரிப்பு. கடைசியில் அதுவே பின்கட்டுப் பாக்குமரத்துக்கு வந்து சேர்ந்தது. நம் பறக்கும் ஓணான்தான், மலாய்க்காரர்கள் சிச்சாக் குபின் என்பார்களே, அது. நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. உயிரினங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758-இலேயே இதற்கு டிராக்கோ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். லத்தீனில் டிராகன்!

வாலோடு சேர்த்து ஒரு சாண் இருக்கும். மரப்பட்டையோடு ஒட்டிக்கிடந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று தாடைக்கடியில் மஞ்சளாய் ஒரு முக்கோணம் விசிறிபோல் நீளும், மடங்கும். ஆண் அப்படித்தான் 'இது என் மரம்' என்று பக்கத்து மரத்துக்காரனுக்குச் சொல்லுமாம். இரையைத் துரத்துகிற வழக்கமே கிடையாது. எறும்பு வரிசை ஓரமாகக் காத்திருந்து, வருவதை ஒவ்வொன்றாக நக்கி எடுக்கும். சோம்பேறி என்பேன் நான். பேத்தி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பறப்பதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறாயா? தலைகீழாகப் பாயும். நீண்ட விலா எலும்புகள் விரிந்து, அவற்றின்மேல் தோல் குடைபோல் இழுபடும். முன்னங்கைகளால் அந்தச் சிறகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திசை திருப்புகிறதாம். இத்தனை வருஷம் தோட்டத்தில் கிடந்தும் எனக்கு இது தெரியாது. நமக்கு எங்கே தெரியும்? ரப்பர்த் தீம்பாருக்குள் லாஸ்டிக் கவணை எடுத்துக்கொண்டு இதைத்தானே குறிபார்த்துத் திரிந்தோம். உன் குறி என்னைவிட நன்றாக இருக்கும். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஒருநாள் பேரன் அதைப் பிடித்து மைலோ டின்னில் போட்டு மூடிவிட்டான். ராத்திரி முழுக்க ஒரு எறும்பைக்கூடத் தொடவில்லை, நிறமே மங்கிப்போனது. விடிந்ததும் பேத்தி அழுதுகொண்டே மரத்தில் விட்டாள். மரத்திலேயே இருந்தால்தான் வளர்ப்பு என்பது அவள் சட்டம்.

பெரிய டிராகன்கள் இதைத் தின்றுவிடாதா என்று அவளுக்கு ஒரு பயம். மார்க்கெட் பின்சாக்கடையில் கோழிக்குடலுக்கு வருகிற பியாவாக் உடும்பைப் பார்த்திருக்கிறாள், ஆறடிக்குக் குறையாது. இந்தோனேசியாவின் கொமோடோ டிராகனோ பத்தடி வரை வளரும். அதன் குஞ்சுகளே பெரியவற்றுக்குப் பயந்து மரத்தில் ஏறித்தான் வாழ்கின்றன, இறங்கினால் சொந்த இனமே தின்றுவிடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ மரம்தான் தாத்தா முக்கியம்" என்றாள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட தீம்பார்களில் நான் இதை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. கோயிலடித் தென்னைகளும் நம் லயத்துப் பாக்குமரங்களும்தான் மிச்சம்.

பெண் முட்டையிடத்தான் தரைக்கு வரும், அப்போதுதான் அதற்கு ஆபத்து. போன வாரம் ஒன்று வந்தது. மூக்காலேயே மண்ணைக் குடைந்து, இட்டு, மூடி, ஒரு பகல் காவல் இருந்துவிட்டு மேலே ஏறிவிட்டது. பேத்தி அந்த இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, சேவலை விரட்ட ஒரு துடைப்பமும் வைத்திருக்கிறாள். பொரிக்க ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அடுப்படி நாள்காட்டியில் தினம் ஒரு கட்டத்தை அடிக்கிறாள், இன்றோடு எட்டு.

அதற்குள் வந்துவிடு. பார்க்க ஒரு வெள்ளி டிக்கெட்டாம், லாஸ்டிக் அடித்தவர்களுக்கு இரண்டு.

இப்படிக்கு,
மூன்றாம் லயத்துக்காரன்