எழுந்தேன், விழுந்தேன்

அன்புள்ள மாப்பிள்ளை,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். நான் விழத் தொடங்கிவிட்டேன். பதில் தாமதமானது அதனால்தான்.

போன மாதம் ஒருநாள் விடியற்காலை மூன்று மணி. சிறுநீர் கழிக்க எழுந்து நான்கு எட்டு வைத்திருப்பேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது கன்னத்தில் மொசைக் தரை சில்லென்றிருந்தது. கைபட்டு விழுந்த செம்பு இன்னும் உருண்டுகொண்டிருந்தது. வீட்டுக்காரி ஓடிவந்து என் வாயில் சர்க்கரையைத் திணித்தாள். எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது!

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: 130. நிற்கவைத்துப் பார்த்தார்: 98. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினாலே கோளாறாம், எனக்கு 32. இத்தனை வருடத்தில் என்னை நிற்கவைத்து யாருமே பார்த்ததில்லை, தெரியுமா?

ரத்த அழுத்தத்துக்கு நான் போடும் பழைய மாத்திரையில் டெல்மிசார்ட்டானோடு குளோர்தாலிடோனும் இருக்கிறது. அது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். அதற்குமேல், புராஸ்டேட்டுக்காக வேறொரு டாக்டர் டாம்சுலோசின் எழுதிக்கொடுத்தார். சிறுநீர்ப்பை வாயைத் தளர்த்துகிற மருந்து. சிலருக்கு ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடுகிறது. நாம் எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே இறங்குமாம். உடனே குழாய்கள் இறுகி அதை மேலே ஏற்ற வேண்டும். இறுகச் சொல்லி உடம்பு கூவுகிறது. குழாயின் காதை மாத்திரை பொத்திவைத்திருக்கிறது. இரண்டு டாக்டர் மீதும் தப்பில்லை. இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துக் காட்டாதது என் தப்பு.

இப்போது டாக்டரம்மா குளோர்தாலிடோனை நிறுத்தியிருக்கிறார். நானாக எதையும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பு வேறு. இரவில் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டுத்தான் எழுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் ஒரு மாத்திரை வைக்கிறாயே, அதை நின்றுகொண்டா போடுகிறாய்? அதுவும் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதுதான், உட்கார்ந்து போடு. சில்டெனாஃபில், அதான் வயாகரா என்கிற ஆண்மைக்குறைவு மாத்திரை, அதன் பக்கமும் போய்விடாதே. சிரிக்காதே, நம் வயதில் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் வாங்குகிறவர்கள் உண்டு. அதையும் முதலில் நெஞ்சுவலிக்குத்தான் சோதித்தார்களாம். உன் நாக்கடி மாத்திரையும் அதுவும் சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்து.

பொங்கலுக்கு வரும்போது உன் மாத்திரைப் பையை மறக்காமல் கொண்டுவா. டாக்டரம்மா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்