பல்லுப் பிடுங்க முன்னம் இதை வாசி

அன்பு மகளுக்கு,

அப்பா இப்ப சுகம். போனில சொல்ல வெளிக்கிட்டால் ரெண்டு பேரும் அழுதுகொண்டுதான் இருப்பம், அதான் எழுதிறன்.

அவருக்குக் காலில முள்ளுக் குத்தின இடம் சீழ் வைச்சது. அமொக்சிலின் எண்ட அன்டிபயோட்டிக் குளிசை எழுதிக் குடுத்தவை. முதல் குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்தில சாரக்கட்டைச் சுத்திச் சொறியத் தொடங்கினார். பாத்தால் சிவப்புச் சிவப்பாத் தடிப்பு. பிறகு நெஞ்சைப் பொத்திக்கொண்டு திண்ணையில குந்திட்டார், சத்தி, குளிர்வேர்வை. பக்கத்து வீட்டு அண்ணை வாய்வு எண்டு சோடா குடுக்கச் சொன்னார். நான் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சுப்போட்டு அவரைச் சரிச்சுப் படுக்க வைச்சன். மாங்குளத்தில எங்கட ஒழுங்கைக்கு அம்புலன்ஸ் வந்து சேருமட்டும் எனக்கு உயிரே இல்லை.

ஆஸ்பத்திரியில துடையில அட்ரினலின் ஊசி போட்டவை. ஈசிஜியில மாற்றம், இதயத் தசை பழுதானால் ரத்தத்தில ஏறுற ட்ரோபோனினும் கூட. ஆனா யாழ்ப்பாணத்தில இதய நாடியளைப் படம் பிடிக்கிற அஞ்சியோகிராம் செய்து பாத்தால் ஒரு அடைப்பும் இல்லை! அங்க டொக்டர் பிள்ளை பொறுமையா விளங்கப்படுத்தினா. ஒவ்வாமை வந்தால் உடம்பில இருக்கிற மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் எண்ட ரசாயனத்தைக் கொட்டுமாம். அந்தக் கலங்கள் இதயத்திலயும் இருக்கிறபடியால் இதயத்துக்கு ரத்தம் குடுக்கிற முடியுரு நாடி சுருங்கிப் போகுதாம். கொழுப்புப் படிஞ்ச நாடியெண்டால் அந்தப் படிவு வெடிச்சு ரத்தம் கட்டும், நாடிக்குள்ள ஸ்டென்ட் எண்ட கம்பிக் குழாய் வைச்ச ஆக்களுக்கு அதுக்குள்ளயே கட்டும். 1991இல கௌனிஸ் எண்ட கிரேக்க டொக்டர் எழுதினபடியால் கௌனிஸ் சின்ட்ரோம் எண்டு பேர். நோக்குளிசையாலயும் வரலாம், குளவி கொட்டினாலும் வரலாம். காட்டுக்கு விறகுக்குப் போற எங்கட சனத்துக்கு இது கட்டாயம் தெரிய வேணும்.

இனி உன்ர கதை. நீ பல்லுப் பிடுங்கேக்க இதே மருந்தை உனக்கும் தரக்கூடும். சின்னனில அமொக்சிலின் பாணி குடிச்சு உனக்கு முகமெல்லாம் வீங்கினது. அதை எழுதி வைச்ச கிளினிக் கொப்பி 2009 இடப்பெயர்வில துலைஞ்சு போச்சு. இப்ப அது என்ர ஞாபகத்தில மட்டும்தான் இருக்கு, பிள்ளை. பல்லு டொக்டரிட்ட முதல் வேலையா இதைச் சொல்லு. ஓக்மென்டின் எண்டு தந்தாலும் உள்ளுக்கு இருக்கிறது அமொக்சிலின்தான். அங்க அலர்ஜி கிளினிக்கில சோதிச்சும் பாக்கலாம். சின்னனில தடிச்ச எல்லாருக்கும் பிறகும் ஒவ்வாது எண்டில்லையாம். ஆனா அதை அவைதான் சொல்ல வேணும், நீயாப் போட்டுப் பாக்காதை. மருந்து போட்ட பிறகு தடிப்போட நெஞ்சும் நொந்தால் படுத்துப் பாப்பம் எண்டு இராமல் உடன 911க்கு அடி. என்ன மருந்து போட்டனி எண்டதையும் சொல்லு.

அவை உன்ர ஃபைலில எழுதினவுடன ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடு.

அம்மா