கம்பு வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய தூண்டில் கம்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 4.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 14 அடி, விலை 120 வெள்ளி. அதை வாங்காதே பாப்பா.

பத்து மாவுங்கில் நாம் கல் மேல் நின்று 7 அடிக் கம்பிலேயே வீசுவோம். பினாங்குக் கடலுக்கு அது போதும். நீ இருக்கும் கிழக்குக் கரை டுங்குனில் உனக்கு எதிரே தென்சீனக் கடல். அலை கரையிலேயே உடையும். தூண்டில் நரம்பு அதற்கு மேலே நின்றால்தான் அதில் கட்டிய ஈயக் குண்டு இழுபடாமல் கிடக்கும். அதனால் நீளம் வேண்டும் என்று நீ நினைத்தது சரி. ஆனால் 14 அடி உன் உயரத்துக்கு அதிகம். அதை வளைக்கத் தோளில் பலம் வேண்டும். வளையாத கம்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் தூரம் போகாது. 3.6 மீட்டர் எடு, மிஞ்சினால் 3.9.

எடையைச் சீட்டில் மட்டும் பார்க்காதே. இரண்டு கம்பும் 450 கிராம்தான் என்பார்கள். ஒன்றில் பாரம் அடியில் இருக்கும், இன்னொன்றில் நுனியில். நுனி கனத்தால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். உன் ரீலைக் கடைக்கே எடுத்துப் போ. மாட்டி, ஒரு கையால் நேராக நீட்டிப் பிடித்து 60 வரை எண்ணு. நுனி தானாகத் தாழ்ந்தால் வைத்துவிட்டு வா.

படத்தில் இருப்பது இழுத்து நீட்டும் வகை. பஸ்ஸில் கொண்டு போகச் சுலபம் என்றுதான் பார்த்திருப்பாய். உன் வயதில் நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். தெலுக் பஹாங்கில் ஒரு ராத்திரி மூட்டுக்குள் மணல் புகுந்து இறுகிவிட்டது. முறுக்கியதில் விரிசல் விட்டது. இரண்டு மாதம் மிச்சம் பிடித்த காசு அது, இன்றும் மனசு ஆறவில்லை. மூன்று துண்டாகச் செருகும் கம்பு எடு.

முழு கண்ணாடி இழை என்றால் உறுதி, ஆனால் கை கடுக்கும். முழு கார்பன் லேசு, ஆனால் கல்லில் இடித்தால் ஒடிந்துவிடும். இரண்டும் கலந்தது உன் காசுக்குச் சரி. பழைய ஜப்பான் கம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் 405 என்று இருந்தால் 4.05 மீட்டர், உனக்கு வேண்டாம். பக்கத்தில் 25 என்று இருந்தால் அது குண்டின் எடையைச் சொல்லும் எண். ஓர் எண்ணுக்கு 3.75 கிராம், ஆக 94 கிராம் வரும். பழைய கம்பு என்றால் நரம்பு ஓடும் வளையம் ஒவ்வொன்றிலும் பஞ்சை விட்டு இழுத்துப் பார். பஞ்சு சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, அது நரம்பை அறுத்துவிடும்.

கம்பில் மிச்சமாகும் காசில், நரம்பின் முன்முனையில் கட்டும் தடித்த முன்நரம்பு வாங்கு. 100 கிராம் குண்டை மெல்லிய நரம்பில் வீசினால், அறுந்து பக்கத்தில் நிற்கும் ஆள் மேல் பாயும். 40 பவுண்டு நரம்பு, கம்பைப் போல் இரண்டு மடங்கு நீளம், அப்புறம் ரீலில் நாலைந்து சுற்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கார்பனில் மின்சாரம் பாயும். தூரத்தில் இடி கேட்டாலே கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடு, மீன் மாட்டியிருந்தாலும் சரி. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மார்ச் வரை அந்தக் கரைப்பக்கமே போகாதே. அலை உயரும்போது நீ தனியாக அங்கே நிற்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

சனிக்கிழமை கடைக்குப் போனால், கைப்பிடிக்கு மேலே இருக்கும் எழுத்தைப் படம் எடுத்து அனுப்பு. காசு கொடுக்கும் முன் அனுப்பு. அன்று எனக்கு வேலை இல்லை, போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அப்பா
பினாங்கு